தோட்டப்புறத்தில் மின்னொளி: ஒரு வரலாற்றுப் பார்வை

விளக்கேற்றுதல் தமிழர் வாழ்வில் ஒரு மங்கலச் செயலாகும். பொழுது சாயும் வேளையில் இல்லத்தரசி கைகால் கழுவி, நெற்றியில் திலகமிட்டு, விளக்கேற்றி வைத்த பின்னரே வீடு வீடாகிறது என்பது நம் முன்னோர் கொள்கை. ஆயின், மலேசியத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் மக்களின் வீடுகளில் ஒரு தலைமுறைக் காலம் விளக்கேற்றியவர் இல்லத்தரசி அல்லர்; எஞ்சின் டிரைவர் ஆவார். லயத்தின் ஓரத்தில், தகரக் கூரையின் கீழ், எண்ணெய் நாற்றம் கமழ நின்ற எஞ்சின் கொட்டகையில் அவர் கைப்பிடியைச் சுழற்றினால் அறுபது வீடுகளில் ஒளி பிறக்கும். நெம்புகோலைத் தள்ளினால் அறுபது வீடுகளும் இருளில் மூழ்கும்.

அந்த எஞ்சின் எத்தனை பெரியதாக இருந்தது? அதன் அளவை யார், எந்தக் கணக்கைக் கொண்டு முடிவு செய்தார்கள்? இவை வெறும் பொறியியல் வினாக்கள்போல் தோன்றலாம். ஆயின் ஜொகூர் மாநிலத்தின் யோங் பெங் வட்டாரத்தில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே ஆசிரியப் பணியும் ஆற்றிவரும் எனக்கு இவை நம் சமுதாய வரலாற்றின் வினாக்களாகவே படுகின்றன. தோட்டத்துப் பிள்ளை எத்தனை மணிவரை படித்தது, தாய் எந்த வெளிச்சத்தில் சமைத்தாள் என்பனவற்றையெல்லாம் அந்த எஞ்சினின் அளவே வரையறுத்தது.

முதல் ஒளியும் ஒரு தமிழரும்

மலாயாவில் மின்சாரத்தின் வரலாற்றைத் தொடங்கும்போது ஒரு தமிழர் பெயரைச் சொல்லாமல் தொடங்க இயலாது. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்து ரவாங்கில், தம் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவியவர்கள் சீனப் பெருவணிகர் லோக் இயூவும் நம்மவராகிய தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். சிங்கப்பூரில் பிறந்து, கோலாலம்பூர்த் தமிழர்களின் தலைவராகத் திகழ்ந்து, மகாமாரியம்மன் கோயிலையும் பத்துமலைத் திருத்தலத்தையும் நமக்கு அளித்த அதே பெருமகனார்தாம் அவர். சுரங்கத்தில் ஊறிய நீரை இறைப்பதற்கு மின்விசை வேண்டியிருந்தது. அவ்விசையினின்றும் ஒளியும் பிறந்தது. தீபகற்பத்தில் மின்விளக்கு எரிந்த முதல் ஊர்களுள் ஒன்றாக ரவாங் பெயர் பெற்றது.

அடுத்த ஆண்டே கோலாலம்பூர்ப் புகைவண்டி நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது. 1900ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்து ரவூப் தங்கச் சுரங்கத்தின் தேவைக்காகச் செம்பாம் நீர்மின் நிலையம் எழுந்தது. 1904இல் பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரம் மின்னொளி பெற்றது. 1927இல் கோலாலம்பூரை அடுத்த பங்சாரில் மின்னிலையம் தொடங்கப் பெற்றது. 1930ஆம் ஆண்டளவில் பேராற்றின் குறுக்கே செண்டரோ அணை அமைந்து, கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்விசை வழங்கலாயிற்று.

இந்நிரலை ஊன்றிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். சுரங்கம் முதலில், நகரம் அடுத்து, உழைப்பவன் குடியிருப்பு கடைசியில். இதனை யாரோ ஒருவரின் கொடுமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மை வேறு. மின்விசைக்கு மூலதனம் வேண்டும். மூலதனம் இலாபத்தைத் தேடிச் செல்லும். நீர் இறைத்தால் ஈயம் கிடைக்கும், லயத்தில் விளக்கெரிந்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்த்த காலம் அது. முதல் ஒளியில் ஒரு தமிழரின் கை இருந்தும், தமிழ்த் தொழிலாளியின் வீட்டிற்குப் போதிய மின்சாரம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்வதற்கு 1990ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. இடைப்பட்ட காலம் தொண்ணூற்றாறு ஆண்டுகள்.

பள்ளிக்கூடம் குறித்து மட்டும் சட்டம் முன்னரே பேசியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று முதலாளிமார்மீது கடமை சுமத்தியது. அப்பள்ளிகளின் குறைகள் பல. எனினும் தமிழ்ப்பள்ளிகள் வேரூன்ற அது வழிவகுத்தது. பகலில் எழுத்தறிவிக்கச் சட்டம் இருந்தது. இரவில் அந்த எழுத்தை மீண்டும் பார்ப்பதற்கு மண்ணெண்ணெய் விளக்கே துணையாயிற்று.

வேலிக்கு ஒளி

1948ஆம் ஆண்டு சூன் திங்களில் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படிக் காட்டோரங்களில் சிதறி வாழ்ந்தோர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு, முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. சிகாமட்டுக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் இடையே, பெருஞ்சாலை ஓரத்தில் அமைந்த யோங் பெங் வட்டாரம் அக்கால மோதல்களில் மிகுதியும் அடிபட்ட பகுதிகளுள் ஒன்று. இங்கும் புதுக்கிராமம் எழுந்தது.

அக்காலத்தில் குடியிருப்புகள் பலவற்றிற்கு மின்னொளி வந்தது. ஆனால் அது வேலிக்கு வந்த ஒளி. இரவில் வேலியை நெருங்குவோரைக் காவலர் காணும் பொருட்டு விளக்குகள் நடப்பட்டன. வேலியில் பகல்போல் வெளிச்சம். வீட்டிற்குள் மண்ணெண்ணெய்ச் சிம்னி. எங்கள் பாட்டியார் அந்நாளைப் பற்றிச் சொல்லும்போது, வேலி விளக்கின் வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்கியதாகச் சொல்வார்கள். காவலுக்காக வந்த வெளிச்சத்தைக் கஞ்சிக்குப் பயன்படுத்திக்கொண்ட அந்த மூதாட்டியாரின் சமயோசிதத்தை நான் இன்றும் வியக்கிறேன்.

இதற்கிடையே, 1949 செப்டம்பர் 1ஆம் நாள் மத்திய மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னர், 1965இல் அது தேசிய மின்சார வாரியம் என்னும் பெயர் பெற்றது. 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. நாட்டுப்புறங்களுக்கு மின்கம்பிகள் விரைந்தன. கம்பங்கள்தோறும் விளக்குகள் எரிந்தன. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அரசின் நாட்டுப்புற வளர்ச்சித் திட்டங்கள் தோட்டத்தின் வாயிலோடு நின்றுவிட்டன. வாயிலுக்கு உள்ளே ஒளி தருவது நிருவாகத்தின் பொறுப்பு என விடப்பட்டது. அந்தப் பொறுப்பின் வடிவமே எஞ்சின் கொட்டகை.

எஞ்சின் கொட்டகை

ஜெர்மானியப் பொறியியலறிஞர் ருடால்ப் டீசல், 1897ஆம் ஆண்டில் தம் பெயரால் வழங்கும் எந்திரத்தை ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுற இயக்கிக் காட்டினார். நீராவிக் கொதிகலன் வேண்டாம். நெருப்பு மூட்டக் காத்திருக்க வேண்டாம். மலிவான எண்ணெயும் ஒரு மனிதனும் போதும். இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரில் லிஸ்டர் நிறுவனத்தார் ஏறத்தாழ 1930 முதல் செய்து விற்ற சிறு டீசல் எஞ்சின், நிமிடத்திற்கு அறுநூறு சுற்று மட்டுமே சுழன்று, ஆண்டுக்கணக்கில் களைப்பின்றி உழைக்கும் வல்லமை வாய்ந்தது. இத்தகைய எஞ்சின்கள் உலகெங்கும் பண்ணைகளுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன.

தோட்டங்களில் எஞ்சின் முதலில் ஆலைக்கே வந்தது. ரப்பர்ப் பாலை உறைய வைத்துத் தகடாக்கும் உருளைகளை அது சுழற்றியது. பின்னர்த் துரை பங்களாவிற்கும், அலுவலகத்திற்கும், கிராணிமார் வீடுகளுக்கும் அதனின்று ஒளி சென்றது. லயங்களை எட்டியது நெடுநாள் கழித்தே. செம்பனை ஆலை அருகிலிருந்த லயங்கள் சற்றே நற்பேறு பெற்றவை. அவ்வாலைகள் நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்து நீராவியால் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொண்டன. அதில் ஒரு பங்கு லயத்திற்கும் கிடைத்தது. ஆலையினின்றும் தொலைவிலிருந்த டிவிஷன்களுக்கு டீசல் மின்னாக்கியே கதி.

நான் பிறந்த தோட்டமும் அப்படிப்பட்ட ஒரு டிவிஷனே. மாலை ஆறரை மணிக்கு எஞ்சின் முழங்கும். இரவு பத்து மணிக்கு நிற்கும். நிற்பதற்கு ஐந்து நிமிடம் முன்னர், டிரைவர் விளக்குகளை ஒருமுறை அணைத்து ஏற்றுவார். அதுவே அறிவிப்பு. பாய் விரிப்போர் விரிப்பர். மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி வைப்போர் வைப்பர். நாங்கள் பாடநூலின் கடைசி வரியை விரைந்து படிப்போம்.

அளவின் கணக்கு

இனி, அந்த எஞ்சினின் அளவு எவ்வாறு முடிவாயிற்று என்பதைக் காண்போம். மாணவர்க்கு விளங்கும் பொருட்டு ஒரு மாதிரிக் கணக்கை இங்கே தருகின்றேன்.

அறுபது வீடுகள் உள்ள ஒரு டிவிஷன். வீட்டிற்கு நாற்பது வாட் விளக்குகள் இரண்டு, ஆக எண்பது வாட். அறுபது வீட்டிற்கு 4,800 வாட். கோயில், ஆயாக்கொட்டகை, பள்ளி, தெரு விளக்கு எல்லாம் சேர்த்து 1,200 வாட். மொத்தம் 6,000 வாட், அதாவது ஆறு கிலோவாட். மின்னாக்கியை விற்போர் அதன் அளவைக் கேவிஏ என்னும் அலகில் குறிப்பர். அதனைத் திறன் காரணியால் பெருக்கினால்தான் கிலோவாட் கிடைக்கும். வழக்கமாக அக்காரணி 0.8 எனக் கொள்ளப்படும். 7.5 கேவிஏ மின்னாக்கி தருவது சரியாக 6 கிலோவாட்.

தாளில் பார்த்தால் இக்கணக்குப் பொருந்துகிறது. 6 கிலோவாட் தேவை. 6 கிலோவாட் பொறி. ஆனால் இதனுள் மூன்று பிழைகள் மறைந்துள்ளன.

முதற்பிழை, கம்பியை மறந்தது. எஞ்சின் கொட்டகையினின்றும் கடைசி வீட்டிற்குச் செல்லும் கம்பியும் மின்விசையைத் தின்னும். ஒரு வரிசையில் ஏழு ஆம்பியர் மின்னோட்டம் செல்கிறது என்றும், போய்வரும் கம்பியின் தடை மூன்று ஓம் என்றும் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 21 வோல்ட். கொட்டகையில் 240 வோல்ட் இருந்தால் வரிசையின் கோடியில் 219 வோல்ட்டே இருக்கும். ஏறத்தாழ ஒன்பது விழுக்காடுதானே குறைந்தது எனலாம். ஆனால் இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக விரைவாகக் குறையும் தன்மையது. ஒன்பது விழுக்காடு அழுத்தம் குறைந்தால் ஒளியில் கால்பங்குக்கு மேல் போய்விடும். கோடி வீட்டுப் பிள்ளை மஞ்சள் பூத்த விளக்கின் கீழ்ப் படித்ததற்குக் காரணம் இதுவே. எங்கள் வீடு கோடி வீடு.

இரண்டாம் பிழை, மனிதன் வளர்வான் என்பதை மறந்தது. 1963ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. எழுபதுகளில் அது லயத்தையும் எட்டியது. கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றுக்கு எண்பது வாட் எனக் கொண்டால், முப்பது வீடுகளில் பெட்டி வந்தவுடன் 2,400 வாட் கூடுகிறது. ஆறு கிலோவாட் பொறிக்கு இது பெருஞ்சுமை. தமிழ்ப்படம் காட்டும் நாளில் எஞ்சின் முனகும். பொறி 1,500 சுற்றில் ஓடினால்தான், நான்கு துருவ மின்னாக்கியில் வினாடிக்கு ஐம்பது அலைவு கிடைக்கும். சுமை மிஞ்சினால் சுற்றுக் குறையும், அலைவும் அழுத்தமும் தாழும், தொலைக்காட்சியில் உருவம் சுருங்கும், கதாநாயகன் குள்ளனாவான். பலர் கார் மின்கலம் வாங்கி அதில் பெட்டியை இயக்கினர். டவுனில் கொடுத்து மின்னேற்றி, சைக்கிளின் பின்னே கட்டிவந்த காட்சியை என் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் பிழை, எல்லாக் கருவியும் ஒருதன்மையது அன்று என்பதை மறந்தது. இஸ்திரிப் பெட்டி ஒன்றுக்கு 750 வாட். எட்டே எட்டுப் பெட்டிகள் ஒரே நேரத்தில் சூடேறினால் 6,000 வாட்; ஒரு டிவிஷனின் மொத்த ஒளியும் அதற்கே சரி. ஆகவேதான் லயங்களில் மின் இஸ்திரிப் பெட்டி தடை செய்யப்பட்டிருந்தது. அது நிருவாகத்தின் பிடிவாதம் என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். பிற்காலத்தில் கணக்குப் போட்டபோதுதான் பொறியின் அளவே அந்தத் தடையை விதித்தது என்பது விளங்கிற்று. குளிர்ப்பெட்டி, நீர் இறைக்கும் மோட்டார் முதலியவற்றின் இயல்பு வேறு. ஓடும்போது நூற்றைம்பது வாட் கேட்கும் குளிர்ப்பெட்டி, புறப்படும் கணத்தில் அதனினும் பன்மடங்கு கேட்கும். புறப்படும் கணத்தைத் தாங்காத பொறி, ஓடும் வேளையைத் தாங்கும் என்று சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் பெரிய எஞ்சினை வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அதுவும் முழு விடையன்று. இருபது கிலோவாட் பொறி ஒன்று முழுச் சுமையில் ஏறத்தாழ மணிக்கு ஆறு லிட்டர் டீசல் குடிக்கும். ஓர் அலகு மின்சாரத்திற்கு 0.3 லிட்டர் வீதம். அதே பொறி கால் சுமையில் ஓடினால் மணிக்கு இரண்டேகால் லிட்டர் குடிக்கும்; அலகுக்கு 0.45 லிட்டர் ஆகும். சுமை குறைந்தால் செலவும் அதே அளவில் குறையும் என்பது பொய். அன்றியும், சுமையின்றி ஓடும் டீசல் எஞ்சின் போதிய சூடு அடையாது, எண்ணெய் முழுதும் எரியாது, கரி படியும், புகைபோக்கியில் கருநெய் வடியும். ஆகவே முப்பது விழுக்காட்டுக்குக் கீழ் நெடுநேரம் ஓட்டலாகாது என்பதும், எழுபது எண்பது விழுக்காட்டில் ஓட்டுவதே நன்று என்பதும் பொறியறிந்தோர் கூற்று. சிறிதும் தவறு, பெரிதும் தவறு. தேவையை அறிந்து, சற்றே இடம்விட்டு வாங்குவதே சரி. அந்தத் தேவையை அறிய வேண்டுமாயின், விளக்கின் கீழ் வாழப்போகின்றவரைக் கேட்க வேண்டும். லயத்து மக்களைக் கேட்டுக் கணக்குப் போட்டதாக எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒன்றேகால் லிட்டர்

1981ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் வகுப்பு மாணவன். அவ்வகுப்பிற்கு அந்நாளில் அரசு மதிப்பீட்டுத் தேர்வு உண்டு. லயத்தில் எங்களுடன் அத்தேர்வுக்கு அமர்ந்தோர் ஒன்பது பேர். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், தாய்மார் சிலர் எஞ்சின் கொட்டகைக்குச் சென்று, இரவில் அரைமணி கூடுதலாக ஓட்டும்படிக் கேட்டனர்.

டிரைவர் எங்கள் வரிசையிலேயே குடியிருந்தவர். பிள்ளைகள் அவரை மாமா என்றே அழைப்போம். அவர் கைவிரித்தார். "டீசலைத் தினமும் காலையில குச்சி விட்டு அளக்கிறாங்கம்மா. ஒரு விரல் குறைஞ்சாலும் கேள்வி வரும்" என்றார். தாய்மார் திரும்பி வந்துவிட்டனர்.

மறுநாள் மாலை ஆறரை ஆயிற்று, எஞ்சின் முழங்கவில்லை. அந்நாளில் தீபகற்பத்தின் கடிகாரம் இன்றையதினும் அரைமணி பின்தங்கியிருந்தது. 1982 சனவரி முதல் நாளில்தான் அது முன்தள்ளப்பட்டது. ஆகவே ஆறரைக்கே பொழுது மங்கிவிடும். அடுப்படியில் தாய்மார் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினர். ஏழு மணிக்கு எஞ்சின் ஓடத் தொடங்கியது. இரவு பத்துக்கு விளக்கு அணையவில்லை, பத்தரைக்கு அணைந்தது. டீசல் அளவு மாறவில்லை. மூன்று வாரமும் அப்படியே நடந்தது. அறுபது வீட்டாரும் அரைமணி இருட்டில் சமைத்தனர், குளித்தனர், பிள்ளைக்குச் சோறூட்டினர். தேர்வெழுதும் பிள்ளை இல்லாத வீடுகளே மிகுதி. ஒருவரும் கிராணியிடம் சென்று முறையிடவில்லை. இதுபற்றி எந்தக் கூட்டமும் நடக்கவில்லை. எவரும் எவரிடமும் உடன்பாடு கேட்கவும் இல்லை.

பின்னாளில் நான் அந்த அரைமணியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆறு கிலோவாட், அரைமணி, மூன்று அலகு. சிறு எஞ்சினுக்கு அலகுக்கு 0.4 லிட்டர் எனக் கொண்டால் ஒன்றேகால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு லயத்தின் பிள்ளைகள் அனைவரும் அரைமணி கூடுதலாகப் படிப்பதற்கு ஆகும் செலவு அவ்வளவே. அதைக் கேட்கும் வழி நம் மக்களுக்கு இருக்கவில்லை. ஆகவே தம் மாலைப்பொழுதிலிருந்து எடுத்துக் கொடுத்தனர். நான் இன்று ஒரு பள்ளியின் தலைமையாசிரியனாக இருப்பதில் அந்த மூன்று வாரத்திற்கும் பங்குண்டு என்று நம்புகிறேன்.

சட்டம் வந்தது

1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தபின் ஊதியத்தோடு குடியிருப்பு வசதிகளும் பேச்சுவார்த்தைகளில் இடம்பெற்றன. 1966இல் தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரத்திற்கென ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோதே, வீடுதோறும் குழாய்நீரும் போதிய மின்சாரமும் அளிப்பது முதலாளியின் கடமை என்பது திட்டவட்டமாயிற்று. போதிய என்னும் அச்சொல்லைத் தமிழாசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டும். யாருக்குப் போதிய, எதற்குப் போதிய என்னும் வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன.

தோட்டங்களுக்குள் மின்கம்பிகள் நுழைந்தன. எஞ்சின்கள் ஓய்ந்தன. ஆயின் வரலாற்றின் போக்கு விந்தையானது. கம்பி வந்த அதே காலத்தில் மக்கள் வெளியேறத் தொடங்கினர். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. இளைஞர் தொழிற்சாலைகளை நாடி ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். இரவு முழுதும் விளக்கெரியும் வசதி வந்தபோது, பல லயங்களில் அதன்கீழ்ப் படிக்கப் பிள்ளைகள் இல்லை.

டுரியான் தோட்டத்துக் குடில்

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். பால்மரம் வெட்டியவரின் மகன். இன்று யோங் பெங்கிற்கு வெளியே சொந்தமாக ஒரு சிறு டுரியான் தோட்டம் வைத்துள்ளார். பழக்காலத்தில் இரவு தங்குவதற்கு ஓர் குடில் கட்டியிருக்கிறார். மின்கம்பி அங்குச் செல்லவில்லை. "சார், அஞ்சு கிலோவாட் ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கப் போறேன். சரியா இருக்குமா?" என்று கேட்டார்.

நான் ஒரு தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, வேண்டியவற்றை அவரையே எழுதச் சொன்னேன். ஒன்பது வாட் விளக்கு நான்கு, 36. மின்விசிறி இரண்டு, 100. சிறு குளிர்ப்பெட்டி 120. கைப்பேசிகளுக்கு 20. அரைக் குதிரைத்திறன் நீர் மோட்டார் 550. கூட்டினால் 826 வாட். மோட்டார் புறப்படும் கணத்தில் மும்மடங்கு, ஏறத்தாழ 1,700 வாட் கேட்கும் என்று கொண்டால், மற்றவை எல்லாம் ஓடும்போதே அதனை முடுக்கினால் 1,976 வாட் ஆகிறது. மோட்டாரை முதலில் ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டுப் பின்னர் மற்றவற்றைப் போட்டால் அவ்வளவும் வேண்டா. ஆகவே இரண்டு கிலோவாட் பொறி, வரிசையறிந்து பயன்படுத்தினால், போதும். சற்றே இடம்விட வேண்டுமாயின் இரண்டரை.

"ராத்திரி மோட்டார் ஓடாதே" என்றேன். அவர் கழித்துப் பார்த்தார். 276 வாட். ஐந்து கிலோவாட் பொறியில் அது ஆறு விழுக்காடுகூட இல்லை. ஒரு விளக்கின் சுகத்திற்கு இரவெல்லாம் எண்ணெய் எரியும். இரண்டு கிலோவாட் பொறிக்கும் அது குறைந்த சுமையே. இரவுக்குச் சிறு மின்கலமும் கூரைமேல் சூரியத் தகடும், பகலில் நீர் இறைக்கப் பொறியும் என்று முடிவு செய்தோம். எஞ்சினைக் குடிலுக்குள் வைக்கவே கூடாது, சன்னலுக்கு அருகிலும் ஆகாது என்பதையும் வற்புறுத்தினேன். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

புறப்படும்போது அவர் சற்றுத் தயங்கி நின்றார். "எங்கப்பாவுக்காகத்தான் சார் பெருசா வாங்கலாம்னு நெனச்சேன். லயத்துல பத்து மணிக்கு லைட்டு போயிடும். குடிசையிலயாவது அவரு இஷ்டப்படி எரியட்டும்னு" என்றார். அக்கணம் எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவர் வாங்க நினைத்தது ஐந்து கிலோவாட் அன்று. தந்தை இழந்த மாலைப்பொழுதுகளை. பின்னர், "அப்பாவையும் உட்கார வைத்து இந்தக் கணக்கை அவரிடமே கேள். அவருக்கு எத்தனை மணிவரை விளக்கு வேண்டும் என்று அவர் சொல்லட்டும்" என்றேன். மறுவாரம் தொலைபேசியில் சொன்னார். முதியவர் கேட்டது ஒரே ஒரு விளக்குத்தான். ஆனால் அது விடியும்வரை அணையாது எரிய வேண்டும் என்றாராம். ஒன்பது வாட்.

முடிவுரை

தோட்டத்து எஞ்சின் கொட்டகைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. சிலவிடத்தில் சிமெந்துத் தளமும், எஞ்சினை இறுக்கிய போல்ட்டுகளும் மட்டும் புல்லுக்குள் எஞ்சி நிற்கின்றன. எஞ்சின் ஓட்டியவர்களும், அந்த ஒளியில் சமைத்தவர்களும் முதுமை எய்திவிட்டனர். ஏடுகளில் இடம்பெறாத இவ்வரலாறு அவர்களின் நினைவில் மட்டுமே உள்ளது.

ஆகவே தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை அவர்தம் பாட்டன் பாட்டியரிடம் அனுப்புங்கள். உங்கள் தோட்டத்தில் எஞ்சின் எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை விளக்கு எரிந்தது, எதற்கெல்லாம் தடை இருந்தது, அணைந்தபின் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடத்திற்கு அது கட்டுரையாகும், கணிதப் பாடத்திற்குக் கணக்காகும், வரலாற்றுக்குச் சான்றாகும். நம் மாணவர்கள் நாளை பொறியாளராகவும், மேலாளராகவும், சட்டம் இயற்றுவோராகவும் ஆவர். பிறருக்கு வேண்டிய ஒளியின் அளவை முடிவு செய்யும் பொறுப்பு அவர்களிடம் வரும். அந்நாளில், தாளில் கூட்டல் போடுவதற்கு முன்னர் கோடி வீட்டின் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருப்பார்களாயின், எஞ்சின் கொட்டகையின் வரலாறு வீண்போகவில்லை எனலாம்.